பதினேழு சதவீதம்

தை கடைசி. கச்சனத்துக்குத் தெற்கே
கொள்முதல் நிலையக் களத்தில்
எட்டு அம்பாரம் நெல் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.
காவலுக்கு ஐந்து பேர், ஒரு போன்.
போன் ஆரோக்கியதாஸுடையது.
சாக்கின் காதில் சாய்த்து வைத்திருக்கிறார்.
லாரி வராததால் நானும் போகவில்லை.
பில் போடுகிறவள் என்பதால்
எனக்கு மட்டும் நாற்காலி.

எந்தப் படத்தையும் நான் ஒரே மாதிரிதான் பார்ப்பேன்:
கையை உள்ளே விட்டு
நடுவிலிருந்து ஒரு பிடி.
மேலே காய்ந்ததைக் காட்டி ஏமாற்றுவார்கள்.
ஈரம் பதினேழைத் தாண்டினால் எடுப்பதில்லை.

ஒன்பது மணி சீரியல் முப்பதுக்குக் குறையாது.
மருமகள் பாலில் எதையோ கலந்து
பொங்கலுக்கு முன்னாலிருந்து
டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.
மாமியார் இன்னும் வாங்கவில்லை.
பால் திரிந்திருக்கும் என்கிறான்
லோடுமேன் வேம்பையன்.
நாளைக்கும் பார்ப்போம்.
அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு வந்த விவசாயி படம்
மன்னார்குடி தியேட்டரில் பார்த்தது.
நாயகன் சட்டையில் சேற்றை
அளந்து தெளித்திருக்கிறார்கள்.
நாற்று நட்டு அடுத்த பாட்டுக்குள் கதிர் முற்றிவிட்டது.
போகட்டும், பாட்டில் எல்லாம் முற்றும்.
ஆனால் தண்ணீர்
வயலிலிருந்து ஆற்றுக்கு ஓடுகிறது.
அது வடிகாலாக இருக்கும் என்றார் ஜபருல்லா.
வடிகாலைப் பார்த்தா ஒருவன்
தண்ணீர் வந்துவிட்டது என்று குதிப்பான்?
கடைசியில் அவன் மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதபோது
பக்கத்து இருக்கைக்காரரும் அழுதார்.
மேலே பொன், உள்ளே பதர்.
அவர் மூக்கைச் சிந்தியது மட்டும் அசல்.

போன மாதம் ஒரு வெட்டுக்குத்து.
நாற்பத்திரண்டு பேர் செத்தார்கள்.
ஒருவன் வீட்டுக்கும்
துக்கம் சொல்ல ஆள் போகவில்லை.

பிடித்ததும் ஒன்று உண்டு.
ஓடவில்லை, பெயர் மறந்துவிட்டது.
பேருந்தில் ஒருத்தி மீதிச் சில்லறைக்காகக்
கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.
கேட்கவில்லை.
இறங்கிவிடுகிறாள்.
இரண்டு நிமிடம், இசையே இல்லை.
பதினான்கு.
கண்ணை மூடிக்கொண்டு சிப்பம் கட்டலாம்.

நேற்றிரவு புதிய தொடர், இரண்டாம் பகுதி.
திரையில் ஒரு கொள்முதல் நிலையம் வந்தது.
எங்கள் தராசு மாதிரியே தராசு,
எங்கள் தார்ப்பாய் நிறம்.
மேசைக்குப் பின்னால் பில் கிளார்க்.
தொப்பை, மரு, தங்கச் சங்கிலி.
மூட்டைக்கு நாற்பது என்கிறான்.
நீட்டிய நோட்டை வாங்கி
எச்சில் தொட்டு எண்ணுகிறான்.

களத்தில் ஒருவரும் இருமவில்லை.
என்னைப் பார்க்காமலிருக்க
ஐந்து பேரும் அவ்வளவு கவனமாகப்
போனைப் பார்த்தார்கள்.

நடிப்பு சரியில்லை என்றேன்.
யார் கையில் வாங்குகிறார்கள்?
யார் எண்ணுகிறார்கள்?

வேம்பையன் சிரித்தான்.
அவனைப் பார்த்து மற்றவர்கள்.
ஆரோக்கியதாஸ் வெளிச்சத்தைக் குறைத்து
சார்ஜ் இல்லை என்றார்.
அவர் நெல் வந்து பதினோரு நாள்.

விடியலில் வேதாரண்யம் பக்கம் மேகம்.
அவர் அம்பாரத்தின் நடுவில் கை விட்டேன்.
மீட்டர் பதினெட்டரை காட்டியது.
பதினேழு என்று எழுதினேன்.
அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
இருநூற்றுப் பதினாறு சிப்பம்.
நாற்பது வீதம்
பில் புத்தகத்துக்கு அடியில்
வழக்கம்போல இருந்தது.
நான் எண்ணவில்லை.

மூன்றாம் பகுதி இன்றிரவு.
அந்த கிளார்க் மாட்டிக்கொள்வான் என்கிறான் வேம்பையன்.
தெரியாது.
ஆரோக்கியதாஸ் சாக்கை உதறி மடித்துக்கொண்டு
ஊருக்குப் போய்விட்டார்,
போனோடு.