பதினைந்து டிகிரி

புன்டா அரினாஸில் கோடை என்பது
பதினைந்து டிகிரி வரை ஏறிப் பார்த்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிற ஒன்று.
நான் தெளித்த வாயுவும் அதே பதினைந்தில்தான் கொதிக்கும்.
அதனால் எங்கள் ஊரில் அது
பீப்பாய்க்குள் பிசினோடு கலந்து
சாதுவாகக் கிடக்கும்.
அடுப்பருகே வைத்து மூடியைத் திறந்தால் மட்டும்
குலுக்கிய சோடாபோல் பொங்கி வந்து
பூட்ஸை நனைக்கும்.

ஹைட்ரோபுளூரோகார்பன்.
யூட்ரோனிச் அதை "மூன்றாவது ஆள்" என்பார்.
நான், அவர், அது.
கூலி கேட்காத ஒரே ஆள்.

சின்ன வயதில் பள்ளி வாசலில்
வெயிலுக்கென்று ஒரு விளக்குக் கம்பம் இருந்தது.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா.
அக்டோபரில் ஊதா எரிந்தால்
ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
உள்ளேயே பந்து விளையாடுவோம்.
தங்கை ரோசால்பாவின் காது
வெங்காயத் தோலாய் உரிந்தது.
வானத்தில் ஓட்டை, பழைய ஃபிரிட்ஜ் வாயு போட்டது
என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள்.

அதனால் புது வாயுவின் விளக்கத்தாளில்
"குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது"
என்று படித்த அன்றே கையெழுத்துப் போட்டேன்.
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்:
கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு
சூட்டைப் பிடித்து வைக்கும்.
"சூடுதானே? இந்த ஊருக்கு வரட்டுமே" என்றார் யூட்ரோனிச்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது,
ஏனென்றால் வாயில் புகை வந்தது.

ஓர்ஃபெலினா அம்மாளின் நண்டுக் கிடங்கு.
உள்ளே மைனஸ் இருபது.
இரண்டு குழாயும் துப்பாக்கி முனையில் சேர,
கலவை தன் சூட்டிலேயே கொதித்து,
சீண்டிய பூனைபோல் உடம்பை உப்பி
சட்டங்களுக்கு நடுவே நின்று இறுகும்.
கோடிக் குமிழிகள்.
ஒவ்வொன்றின் வாயையும் அடைத்து
ஒரே வார்த்தை சொன்னேன்:
மூச்சு விடாதே.

பதினெட்டு வருடம் அவை விடவில்லை.

இப்போது அங்கே ஹோட்டல் வருகிறது.
மின்கம்பி எங்கே ஓடுகிறதென்று தெரிந்தவன் என்பதால்
இடிக்கவும் என்னையே கூப்பிட்டார்கள்.
முதல் நாள் இயந்திரம் சுவரைக் கடித்தது.
மஞ்சள் தூள் பறந்தது. வேறொன்றும் தெரியவில்லை.
மணமில்லை, நிறமில்லை.
ஒரு நாய் தும்மியது, அவ்வளவுதான்.
பிளந்த நுரைக்குள் என் பென்சில் ஒன்று,
பல்தடம்கூட மாறாமல்.
கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன்.
பச்சை.
இதற்கென்று ஒரு விளக்கு
யாரும் நட்டு வைக்கவில்லை.

இரண்டாம் நாள் கைரம்பம் கொண்டுவந்தேன்.
அறுத்தால் ஓரத்துக் குமிழிகள்தான் சாகும்.
"கல்யாணக் கேக்கா வெட்டுகிறாய்?" என்று
இயந்திரக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான்.
அணைத்தான், அது போதும்.
நாற்பத்தொரு பலகை. வெட்டிய வாய்க்கெல்லாம் நாடா.
லாரி வாடகை என் பையிலிருந்து.
லகுனா பிளாங்கா பக்கம்
கஸ்டோடியோ மன்சிலாவின் ஆட்டுக்கொட்டகைக்கு
சுவராக நிறுத்தினோம்.

"இதில் நமக்கு என்ன வரும்?" என்றாள் ஸ்லாட்கா.
ஒன்றும் வராது.
இன்னொரு இருபது வருடம் ஒன்றும் வராமல் இருக்கும்,
அதுதான் கணக்கு.
முதல் நாள் போனது காற்றோடு போயிற்று,
அதுவும் எங்கள் ஊர்க் காற்று.
இந்நேரம் யார் வீட்டுக் கூரைக்கு மேலோ.

நேற்று கஸ்டோடியோ ஃபோன் செய்தான்.
குட்டிகள் சுகமாம்.
வடக்கு மூலையில் மட்டும்
ராத்திரி எலி வந்து சுவரைக் கொறிக்கிறதாம்.

சனிக்கிழமை
தகரமும் ஆணியும் எடுத்துக்கொண்டு
போகிறேன்.