சில்லு

வேலந்தாவளத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் கடை.
வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து வண்டிகள்.
"சில்லு மாற்றணம்" என்றார் சுகதன்.
அவர்கள் பேச்சில் முழுக் கண்ணாடிக்கே அந்தப் பெயர்.
நமக்கு உடைந்தால்தான் சில்லு.
பதினாறு வருஷமாகியும்
அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கண்
முதலில் தரையைத்தான் பார்க்கிறது.

மஞ்சள் வேன். பள்ளிக்கூட வண்டி.
இடப்பக்கம், கடைசிக்கு முந்திய ஜன்னல்.
திறக்காத வகை, ரப்பரில் பதிந்து நிற்பது.
ஓட்டைக்கு ஒரு ஃபிளெக்ஸ் துண்டு ஒட்டியிருந்தார்;
அதில் யாரோ மாப்பிள்ளையின் பாதி முகம்.

"கல்லு கொண்டதாணு."

சரி என்றேன்.
பில்லில் கல் என்றே எழுதினேன்.

கல் பட்டால் குருணை உள்ளே தெறிக்கும்.
இருக்கை மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்:
கடலைமிட்டாய்க் காகிதம், பென்சில் சீவல்.
குருணை அத்தனையும் வெளியே,
ஜன்னலுக்குக் கீழே ஓடும் தகர மடிப்பில்
கல்லுப்பாய்ப் பூத்துக் கிடந்தது.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
கிளிப்பில் இருக்க வேண்டிய தீயணைப்பு சிலிண்டர்
பின்சீட்டுக்கு அடியில்.
அதன் அடிவிளிம்பில் சிவப்பு உதிர்ந்து
வெள்ளைப் பொடி.

இந்தக் கண்ணாடியை நடுவில் குத்தினால் தாங்கும்,
வளர்ந்த ஆள் ஓங்கிக் குத்தினாலும்.
மூலையில் ஒரு தட்டு.
அவ்வளவுதான், மொத்தமும் ஒரே நொடியில் கைவிட்டுவிடும்.
இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை.
நடுவில் எத்தனை முறை அடித்த பிறகு
மூலைக்கு வந்ததோ அந்தக் கை.
அதற்குச் சாட்சி கிடையாது,
கண்ணாடியோடு போய்விட்டது.

மார்ச் மாசம். கணவாய்க் காற்றே சுட்டது.
கால் மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியின்
கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடித்தேன்.

பழைய ரப்பரை உரித்தபோது
அதன் உதட்டில் நீலக் கட்டத் துணியின் நூல் இரண்டு.
சின்ன அளவுச் சட்டை எங்கோ கிழிந்திருக்கும்.
சுகதன் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.
சோப்புத் தண்ணீர் வாளியில்
கையை முக்கி எடுத்தேன்,
நூல் தண்ணீரோடு போயிற்று.
அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று
ராத்திரி தோன்றியது.

துருவைச் சுரண்டி, விளிம்பைத் துடைத்து,
புதுக் கண்ணாடிக்குப் புது ரப்பர் மாட்டி,
ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு சுற்றி
இரண்டு முனையையும் உள்பக்கம் விட்டேன்.
இது இருவர் வேலை. இஸ்மாயில் அன்று வரவில்லை.
"நீங்க உள்ள போங்க. நான் வெளியே அமுக்குறேன்.
கயிறை மெல்ல, ஒரே சீரா இழுங்க,
உதடு தானா தகரத்து மேல ஏறும்."

உள்ளே போனார்.
என் இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில்.
அதற்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் அவர் முகம்.
கயிறு வர வர ரப்பர் ஓரம் ஓரமாக வாயை மூடியது.
பாதி சுற்று வந்தபோது அவர் பேச ஆரம்பித்தார்.

என்னிடம்தானா, தெரியவில்லை.
கண் கயிற்றில் இருந்தது, கை நிற்கவில்லை.
மூடாத பக்கத்திலிருந்து சில சொற்கள் வந்தன:
"உறங்கிப்போயி"... "மூணாம் கிளாஸ்"... "ஞான் நோக்கியில்ல"...
மேல் மூலை உட்கார்ந்ததும் அதுவும் நின்றது.
பிறகு உதடுகள் மட்டும்.
நெடுநேரம் சொன்னார்.
நான் அமுக்கிக்கொண்டே தலையாட்டினேன்,
ஏதோ கேட்கிற மாதிரி.

கயிறு முழுக்க வெளியே வந்து
அவர் கையில் ஈரமாகத் தொங்கியது.
விரல் கணுவால் மூலையைத் தட்டினேன். உறுதி.

பேரம் பேசவில்லை.
காசை எண்ணித் தந்துவிட்டுக் கேட்டார்:
"துறக்குன்ன சில்லு கிட்டுமோ?"
இந்த மாடலுக்கு வராது என்றேன்.
"ம்" என்றார்.

வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் போய், கடைசி சீட்டிலிருந்து
ஒவ்வொன்றாகக் குனிந்து அடியில் பார்த்து
முன்னால் வந்தார்.
தனியாக வந்தவர், தனியாகப் போகிறவர்.
வாய் எண்ணிக்கொண்டிருந்தது,
புதுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.
பதினேழில் நின்றார்.
மறுபடி கடைசி சீட்டுக்குப் போனார்.