ஒரு மடக்கு நாற்பத்தைந்து பென்னி

கிரீனாக்கில் மழை பெய்கிறது என்று எழுதினால்
மைதான் வீண்.
விலையிலிருந்து தொடங்குகிறேன்:
அறுபத்துமூன்று பவுண்டு.
ஐலா தீவுச் சரக்கு, பீப்பாயில் பன்னிரண்டு குளிர்காலம்.
எழுநூறு மில்லி. மடக்கு ஒரு தேக்கரண்டி என்றால்
நூற்றுநாற்பது மடக்கு.
ஒரு மடக்கு நாற்பத்தைந்து பென்னி.

நாலு பேர் நாங்கள்.
வெள்ளிக்கு வெள்ளி ஆளுக்கு இரண்டு பவுண்டு
பழைய பிஸ்கட் டப்பாவில்.
எட்டு வெள்ளி போயிற்று.
மிஞ்சிய ஒரு பவுண்டுக்கு ஓட்ஸ் ரொட்டி வாங்கி வந்தாள்
டனூன் படகில் சீட்டுக் கிழிக்கும் செங்கா.

என் சலவைக்கடையில்தான் கூடுவோம், பூட்டிய பிறகு.
அன்று காலையிலிருந்தே சோப்புத்தூளை
நான் தொடுவதில்லை.
வருகிறவர்களே அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.
மூக்குக்கு ஓய்வு என்று சொன்னால் யாருக்குப் புரியும்?
முதுகுவலி என்கிறேன்.

நோட்டில் இதுவரை இருபத்தாறு.
காசு கொடுத்து வாங்கியவை ஒன்பதுதான்.
மற்றதெல்லாம்
இருமல் மருந்துக் குப்பியில் இரவல் வந்தவை,
கடைசிக் கால் அங்குலம்,
பண்டமாற்று.
ஒருமுறை ஃபார்க்கர் ஓடு மாற்றிய வீட்டில்
கூலிக்கு மேலே அரைக் கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள்.
அதைத் தேநீர்க் குடுவையில் கவிழ்த்துக்கொண்டு
குடிக்காமல் நாலு மைல் நடந்து வந்தான்
எங்களுக்காக.
ஆளுக்கு ஒன்றரை மடக்கு. கொஞ்சம் தேயிலை மணத்தது.

ஏழு: பேரிக்காய் மிட்டாய். பிறகு ஒன்றுமில்லை.
வெகுநேரம் கழித்து, மிளகு.
பதினொன்று: நனைந்த நாய். நல்ல நாய்.
பத்தொன்பது: செங்காவுக்குப் பிடித்தது.
எனக்கு வாடகை ஞாபகம் வந்தது.

இன்று இருபத்தேழும் இருபத்தெட்டும்.
எதிராளி சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தட்டிலிருந்து:
பதினேழரைப் பவுண்டு,
மடக்கு பன்னிரண்டரைப் பென்னி.
எது எதுவென்று தெரியாதிருக்க
ஒன்றுக்குச் சிவப்புக் காலுறை, ஒன்றுக்குச் சாம்பல்.
யாரும் தேடி வராத ஒற்றைக் காலுறைக்கு
என் கடையில் பஞ்சமில்லை.

ஊற்றியவன் இன்னிஸ். எப்போதும் அவன்தான்.
மூன்று வருடம் முந்தைய காய்ச்சல் போகும்போது
அவன் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
இருந்தும் இரண்டு பவுண்டு தவறியதில்லை.
ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை.

மூடியைத் திறந்ததுமே காலுறைக்கு வேலை போய்விட்டது.
சிவப்பிலிருந்து புகை எழுந்து
தன் விலையைத் தானே சொன்னது.
ஃபார்க்கர் அயோடின் என்றான்.
செங்கா கடற்பாசி என்றாள்.
இரண்டையும் எழுதி நடுவில் கேள்விக்குறி போட்டேன்.
தார், படகுக் கயிறு, எங்கோ அடியில் ஓர் எலுமிச்சைத் தோல்.
புருவம் நெரித்தபடி ஒரு பக்கம் முழுக்க.

சாம்பலில் தேன். கொஞ்சம் அட்டைப்பெட்டி.
அவ்வளவுதான் எழுதினேன்.
ஹீட்டருக்குப் பதில் ஓடவிட்ட உலர்த்தியில்
யாரோ விட்டுப்போன பொத்தான் ஒன்று
கிளிங் கிளிங் என்று சுற்றியது.
செங்கா தன் அக்காவின் இரண்டாம் கல்யாணத்தை ஆரம்பித்தாள்.
ஃபார்க்கர் ரொட்டியைத் தீர்த்தான்.

வாக்கு: மூன்றும் சிவப்புக்கு.
இன்னிஸ் மேசையைக் காட்டினான்.
சிவப்புக் கிளாஸ்கள் பாதியில் நின்றன.
சாம்பல் மூன்றும் காலி.
"பரீட்சை எழுதினீர்கள் அதில்," என்றான்,
"இதில் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை.
பல் துலக்கிப் படுத்த பிறகும்
இரவு இரண்டு மணிக்கு அந்தப் புகை
நாக்கடியில் கணப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்,
நாற்பத்தைந்தை அத்தனை மணி நேரத்தால் வகுத்துப் பார் என்றேன்.
வகுத்தும் காட்டினேன்.
தசமப்புள்ளியை எங்கோ தவறவிட்டு.

எனக்கு இரண்டும் வெறும் சூடு, என்றான் இன்னிஸ்.
சிவப்பு கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது.
பிறகு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு
படி, என்றான்.
எழுதியதைப் படித்தேன்.
கயிறு வந்தபோது ஒரு வாய் குடித்தான்.
எலுமிச்சைத் தோலுக்குக் காத்திருந்து இன்னொரு வாய்.

முடிந்ததும்,
பதினொன்றைப் படி, என்றான்.
அந்தப் புட்டி தீர்ந்து ஏழு மாதம்.
நனைந்த நாய், என்றேன்.
நல்ல நாய்.
தலையசைத்தான்,
அந்த நாயைத் தெரிந்தவன் மாதிரி.