நீல ஓடுகளுக்கு முன்னால்

போர்ட்டோவில் காலை வண்டி.
இடுப்பில் துளைக்கருவி, சட்டையில் பெயர்ப்பட்டை:
அதெலினு ஃபகுந்தெஷ், டிக்கெட் பரிசோதகர்.
பதினெட்டு வருஷமாய் ஆற்றுக்கு எதிரே போய்
ஆற்றோடு திரும்புகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் ஆறு கண்ணில் படாது.
துணி காயும் பால்கனிகள், டயர் கடை,
கோஸ் பாத்தி,
கருங்கல் தூண் நட்டு உயரத்தில் படரவிட்ட திராட்சை.
அந்த ஒயின் கொஞ்சம் புளிக்கும்,
ஏணி வைத்துப் பறிக்க வேண்டும்.
பிறகு ஒரு சுரங்கம்; காது அடைக்கும்;
வெளியே வந்தால்
வலப்பக்க ஜன்னல் முழுக்கத் தண்ணீர்.
எல்லோரும் எழுந்து அந்தப் பக்கமாய்ச் சாய்வார்கள்.
வண்டி கவிழாது என்பதை
நான்கு மொழியில் சொல்லப் பழகியிருக்கிறேன்.

டோரு, ஆறு என்று சொல்கிறேனே தவிர
அது ஓடி நான் பார்த்ததில்லை.
அணை, அப்புறம் இன்னோர் அணை.
படிக்குப் படி உட்கார்ந்து மூச்சு வாங்கும் தண்ணீர்.
அதன்மேல் மூன்று மாடிக் கப்பல்,
மேல்மாடியில் நீச்சல்குளம்,
குளத்தில் ஒருவர்
ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி.

எங்கோ ஓரிடத்தில், கோடு கிழித்த மாதிரி,
கருங்கல் முடிந்து அடுக்குப்பாறை தொடங்கும்.
தட்டினால் தகடு தகடாய் வரும்.
கல்லில் நார் உரிக்க முடியாது என்பார்கள்,
இங்கே கல்லில் சாறு பிழிகிறார்கள்.
சீப்பால் வாரிவிட்ட மலை.
வாராமல் விட்ட இடங்களும் உண்டு:
என்றோ பூச்சி வந்து கொடி செத்த படிகள்.
மோர்த்தோரியு என்று பெயர்; சாவு ஒட்டிய சொல்.
இப்போது அங்கே ஒலிவ மரமும் முள்ளும்.

செப்டம்பர். முப்பத்தெட்டு டிகிரி.
'ஏசி வேலை செய்யாது' என்று எழுதி ஒட்டியது நான்தான்.
ரெகுவாவில் ஆறு பேர் ஏறினார்கள், நேபாளிகள்.
கையில் கத்தரி, மடியில் சோற்று டப்பா.
பெயர் கேட்டேன், தில்ஷோபா என்றாள் ஒருத்தி.
ஆறு டிக்கெட்டும் ஒருவழி.

நீல ஓடு பதித்த ஸ்டேஷனில்
எதிர்வண்டிக்காகப் பதினொரு நிமிஷம்.
சுவர் நெடுக அறுவடைச் சித்திரம்:
கூடை சுமப்பவர்கள், திராட்சை மிதிப்பவர்கள், மாடு, படகு.
ஆறு பேரும் ஜீப்புக்காக அதன் நிழலில் நின்றார்கள்.
கேமரா வைத்திருந்த பெண்மணி மிகவும் மரியாதையாக,
"கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?
அறுவடையைப் படமெடுக்கணும்."

தள்ளி நின்றார்கள்.

தில்ஷோபா மட்டும் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.
மூன்றாவது வரிசை, விரிசல் விட்ட ஓடு:
முதுகில் கூடை, குனிந்த ஆள்,
நெற்றியில் குறுக்கே ஒரு பட்டை.
"நாம்லோ" என்றாள் சத்தமாக.
மற்ற ஐவரும் ஓடி வந்தார்கள், சிரித்தார்கள்,
படம் இன்னொரு முறை கெட்டது.

பதினெட்டு வருஷம் நான் அதைக்
காயத்துக்குக் கட்டிய துணி என்று நினைத்திருந்தேன்.
அவள் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள்:
முடி தொடங்கும் இடத்தில் ஒரு விரல் அகலப் பள்ளம்.
சுமையை இங்கே தாங்கணும், தோளில் இல்லை,
என்று சைகையில் சொன்னாள்.
கேமரா இப்போது அவள் பக்கம் திரும்பியது.
தொப்பியை இறக்கிக்கொண்டாள்.
நான் விசில் ஊதினேன்,
இரண்டு நிமிஷம் முன்னதாகவே.

மாலையில் திரும்பும் வண்டி.
வாயில் ஒயின் நாற்றத்தோடு பெட்டி முழுக்கத் தூக்கம்.
அந்த ஸ்டேஷனில் யாருமில்லை,
ஓட்டில் வெயிலின் கடைசிச் சூடு.
கணக்குத் தாளில் எழுதினேன்:
இங்கே இறங்கியவர் ஆறு. ஏறியவர் இல்லை.

யாரோ கண் விழித்து,
"ஆறு எங்கே?" என்றார்.
நிமிர்ந்து பார்க்க ஒரு கணம் ஆனது.
இடப்பக்கம், என்றேன்.