இரண்டாம் உப்பு

ஆரம்பாக்கத்தில் கம்பெனி பஸ்
அம்மாவை ஏற்றிக்கொண்டு தடாவைத் தாண்டும்.
அப்பா புளிச்சக்கீரை ஆய்வார்.
பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில்:
'சமையல்' என்றெழுதினேன்.
எந்த ஓட்டலில் என்றார் சார்.

சூளூர்பேட்டை முனிரத்தினம் மாமா
சொல்லாமல் வந்த ஞாயிறு,
புல்லட் சத்தம் கேட்டதுமே
அம்மாதான் கரண்டியைப் பிடுங்கினாள்.
அப்பா கூடத்துக்கு ஓடி
நேற்றைய பேப்பரை விரித்துக்கொண்டார்.
மத்து மடியிலேயே இருந்தது.

கீரையில் உப்பு இருமுறை விழுந்திருந்தது.
மாமா மூன்று சொம்பு தண்ணீர் குடித்து
அக்கா கைப்பக்குவமே தனி என்றார்.

திங்கள் விடியலில்
பஸ்ஸுக்கு நிற்கையில் அம்மா சொன்னாள்:
'அடுத்த தடவ நான் புடுங்குனா
குடுக்காத, ஏகாம்பரம்.'

பேர் சொல்லிக் கூப்பிட்டு
அன்றுதான் கேட்டேன்.

அப்பா டிபன்பாக்ஸை நீட்டினார்:
'உப்பு பாத்துட்டேன்.'