என்ன செய்யுது

மேலப்பாளையம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் ஷெட்டுக்கு வருகிறவர்கள்
காரைப் பற்றிப் பொய் சொல்வார்கள்.
போன மாசம்தான் ஆயில் மாத்துனேன் என்பார்கள்.
சூடேறவே இல்லை என்பார்கள்,
மூடியைத் திருகினால்
மோர் நிறத்தில் நுரைத்து நிற்கும் எண்ணெய்.
நான் ஆளைக் கேட்பதில்லை.
புகையைக் கேட்பேன்.

கறுப்பு என்றால் மூச்சுமுட்டல்,
ஃபில்டரைத் தட்டினால்
பணகுடிக் காற்று அடைத்த செம்மண் கொட்டும்.
வெள்ளை, அதில் லேசாகத் தித்திப்பு வாசம் என்றால்
கூலன்ட் உள்ளே எங்கோ இறங்குகிறது.
காலையில் கீச்சென்று கத்தி
இரண்டாவது தெரு முக்கில் அடங்குவது பெல்ட்.
அதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் பயப்பட வேண்டாம்.
நீலம் என்றால்
பேசுவதற்கு முன் நாற்காலியை எடுத்துப் போடுவேன்.

ஞானசெல்வி டீச்சர் களக்காட்டிலிருந்து கூப்பிட்டது
ஞாயிற்றுக்கிழமை, வெயில் உச்சியில்.
நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.
வாசித்தார்:

"பதினொண்ணு, காலை ஆறே கால், நீலப் புகை, மூணு நிமிஷம்.
பதினாலு, நாங்குநேரி டோல்கேட்ல நிக்கையில
ஆயில் லைட்டு மினுங்குச்சு, கிளம்பவும் அணைஞ்சுட்டு.
பதினேழு, ஏத்தத்துல டக் டக்.
மூணாவது கியர்ல கூடுதல், கால எடுத்தா கம்மி.
பத்தொம்போது, அதேதான்.
கூட அண்ணன் மவன் இருந்தான், அவனுக்குக் கேக்கலயாம்."

இருபத்தாறு வருஷத்தில்
இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை.
"எப்பலேர்ந்து இருக்கு டீச்சர்?"
"ஆயில் மாத்துனதுலேர்ந்து.
புஸ்தகத்துல போட்ட நம்பரப் பாத்து
அதே நம்பர் வாங்கி ஊத்துனேன்.
அதுவரைக்கும் பஞ்சு மாதிரி ஓடுச்சு பாய்."

பஞ்சு மாதிரிதான் ஓடியிருக்கும்.

தை மாசம் புரோக்கர் கொம்பையா
ஒரு வெள்ளை இண்டிகாவை உருட்டிக்கொண்டு வந்தார்.
"சோலி முடியுத வரைக்கும் வாயத் தெறக்காம இருந்தாப் போதும் வே" என்றார்,
என்னையா, வண்டியையா, கேட்கவில்லை.
வெல்லப்பாகு மாதிரி இறங்கியது
நான் ஊற்றிய கெட்டி எண்ணெய்.
தேய்ந்த பேரிங்குக்கு நடுவே மெத்தை போட்டதுபோல
சத்தம் படுத்துவிட்டது.
ரெண்டாயிரம் கொடுத்தார்.
அதில் வாங்கிய தகரம்தான்
இப்போது என் தலைக்கு மேல்
வெயிலுக்கு முறுக்கேறி டக் டக் என்கிறது.

"போன பானெட்டுக்குள்ள வைக்கேன், கேளுங்க."

கேட்டேன்.
ஸ்க்ரூடிரைவரைக் காதில் ஊன்றிக் கேட்கிற வழக்கம் எனக்கு.
இன்று அது வேண்டியிருக்கவில்லை.
முப்பத்தஞ்சு கிலோமீட்டர் தாண்டி
பச்சையாற்றுக் கரையிலிருந்து
என் கையால் படுக்க வைத்தது
எழுந்து உட்கார்ந்து என் பேரைச் சொன்னது.

களக்காட்டுக் கடைக்காரன் கொடுத்த ஆயில் மட்டம் என்று
சொல்லிவிடலாம். யாரும் நம்புவார்கள்.
நாக்கு நுனிவரை வந்தது.

"அடி பேரிங் போச்சு டீச்சர். இனி ஓட்டாதீய.
கியர்ல போட்டுக்கூடப் பாக்காதீய."
"வாங்கையிலேயே இருந்திருக்குமோ பாய்?"

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.

"மொதல்ல வண்டிய அமத்துங்க" என்றேன்.
அமர்த்தினார்.
அந்தப் பக்கம் ஒரு காக்கா,
எங்கோ மோட்டார் தண்ணி விழுகிற சத்தம்.
இனி எதற்குப் பின்னால் நின்று பேசுவது?

"இருந்துச்சு டீச்சர்.
கெட்டி ஆயில் ஊத்தி மறைச்சது நான்தான்."

திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
தாள் புரட்டும் சத்தம்.
பேனா மூடி கழல்கிற சத்தம்.

"தேதி சொல்லுங்க" என்றார்.