மூன்று விரல்

அட்-பாஷிக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கையில்
கிளட்ச் மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது.
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று நம்பி
சமதளத்தில் காலை இறக்குவோமே, அப்படி.

கியரைத் தள்ளினேன். நறநறவென்று பல்லைக் கடித்தது
என் நீல ஜில்,
கூட்டுப்பண்ணை கலைந்த வருஷம்
நான்கு செம்மறிக்கும் ஒரு தையல் மிஷினுக்கும் வாங்கியது.
முதுகில் இருநூறு கட்டுப் புல்.
கணவாய்ப் பக்கம் மழை கறுத்திருந்தது.

தட்டு தேய்ந்திருந்தால் வழுக்கும், கருகல் வாடை வரும்.
வாடை இல்லை, வழுக்கவும் இல்லை.
பிடித்ததை விட முடியாமல் நிற்கிறது.
அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை,
காலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் எங்கோ.

அடியில் படுத்தால் மிதிக்க ஆளில்லை.
மிதித்தால் பார்க்க ஆளில்லை.

அரை மணி கழித்துக் குதிரையில் வந்தான் ஓஸ்கோன்.
வேறு யாராவது வந்திருக்கலாம்.
வாய்க்கால் மடையை என் பக்கம் அடைத்தவன்.
நான் ஊராட்சியில் எழுதிக் கொடுத்தேன்;
இரண்டு கோடையாக முகம் பார்ப்பதில்லை.
இறங்கினான். கடிவாளத்தைக் கண்ணாடிக் கம்பியில் கட்டினான்.
கேட்காமலே ஏறி உட்கார்ந்தான்.

"அமுக்கு," என்றேன் அடியிலிருந்து.
அமுக்கினான்.
"விடு."
விட்டான்.
"அமுக்கு."
மிதியின் தண்டு அசைகிறது.
"விடு. அமுக்கு."
குறுக்கு நெம்புகோல் திரும்புகிறது.
அதற்கப்புறம் நீளக் கம்பி,
அதன் கவட்டை மட்டும் தொங்கிக்கொண்டு
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலச் சும்மா இருக்கிறது.
துளை முட்டையாய்த் தேய்ந்திருந்தது.
ஆணி முறிந்து பாதிதான் இருந்தது,
மறுபாதி வந்த வழியில் எந்தக் குழியிலோ.

பின்கதவுத் தாழ்ப்பாளின் முளையை உருவினேன்.
கொஞ்சம் மெலிசு.
பால் டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றியதும் இறுகியது.
முனையில் சங்கிலி மாட்டும் துளை இருந்தது நல்லதாகப் போயிற்று,
அதில் குத்திவைக்க ஏதாவது வேண்டும்.
என் கொண்டை ஊசி முதல் அமுக்கிலேயே நிமிர்ந்துவிட்டது.

சேணப் பையைத் துழாவும் சத்தம்.
சக்கரத்துக்கு மேலாக ஒரு கை வந்தது,
உள்ளங்கையில் லாட ஆணி.
நல்ல இரும்பு, வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கும்.

இனி நட்டு.
மிதி மூன்று விரல் அளவு சும்மா இறங்க வேண்டும்,
அப்புறம்தான் கனக்க வேண்டும்.
கால் சுற்று திருகினேன்.
"இரண்டு," என்றான் மேலேயிருந்து.
தளர்த்தினேன்.
"இரண்டரை."
மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது.
"மூன்று."

நான் வெளியே வருவதற்குள் குதிரையை அவிழ்த்துவிட்டான்.
நன்றி சொன்னேனா என்று நினைவில்லை,
இன்ஜின் சத்தத்தில் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

வீட்டில் என் விரலால் அளந்து பார்த்தேன்: நான்கு.
அவன் விரல்கள் தடிமன்.
நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன்.
இப்போது அக்டோபர்.
லாட ஆணி இருக்கிறது.
மடை அடைத்துத்தான் இருக்கிறது.
ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும்
என் கால் ஒரு விரல் கூடுதலாக இறங்கிக் காத்திருக்கிறது.